போகக் கூடாத இடங்கள்: வீட்டில் இருந்தபடியே நாம் செய்யும் தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வேன் வைத்துச் சுற்றுலா அழைத்துப் போகிறேன். பாண்டி, பிச்சாவரம், சிதம்பரம் என்று பக்கத்து ஊர்களில்தான் பிழைப்பு. வருடத்துக்கு இரண்டு தடவை அந்தமானுக்கும் ஆள் சேர்ப்பேன். வண்டி தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் யாராவது ஒரு பையன் போனை நீட்டிவிடுவான். "அண்ணே, உலகத்துலேயே யாரும் போக முடியாத பத்து இடமாம், பாருங்க." எந்த வீடியோவைப் பார்த்தாலும் அதே பத்து இடம்தான், பின்னணியில் அதே திகில் இசைதான். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் பேசுவதில் பாதி தப்பாக இருக்கிறது. சில தப்புகள் பேச்சோடு நிற்பதும் இல்லை.

பெரிய தவறு, பூட்டிய கதவு என்றாலே உள்ளே ரகசியம் இருக்கிறது என்று நினைப்பது. ரகசியம் என்ற பெயரோடேயே எங்கள் மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது, சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும், அதற்குப் பின்னால் வெறும் வெளி. வரும் பக்தர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்கள். அதேபோல் வத்திக்கானின் 'ரகசிய' ஆவணக் காப்பகம் என்று ஒன்றை எல்லா வீடியோவிலும் காட்டுவார்கள். பெயரில் இருக்கும் 'செக்ரெட்டம்' என்ற லத்தீன் சொல்லுக்கு அங்கே போப்பாண்டவரின் சொந்த உடைமை என்றுதான் பொருள். 1881 முதலே ஆய்வாளர்களை அனுமதிக்கிறார்கள். பெயரைப் பார்த்து எல்லாரும் குழம்புவதால் 2019இல் போப் பிரான்சிஸ் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார். வீடியோ போடுகிறவர்கள் மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

பிரான்சில் லாஸ்கோ குகை என்று ஒன்று இருக்கிறது. சுமார் 17,000 வருடத்துக்கு முந்தைய காளை, குதிரை ஓவியங்கள். 1940இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள், 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போய் வந்தார்கள். அத்தனை பேர் விட்ட மூச்சுக்காற்றும் ஈரமும் பட்டு ஓவியங்கள் கெட ஆரம்பிக்கவே, 1963இல் மூடிவிட்டார்கள். எதையும் ஒளிப்பதற்காக இல்லை, நம் மூச்சுக்குப் பயந்துதான். பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு நகல் குகை கட்டி 1983இல் திறந்தார்கள், 2016இல் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. 'நகலைப் போய்ப் பார்ப்பார்களா' என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்ப்பேன். உற்சவ மூர்த்தியைக் கும்பிட்டுவிட்டுத் திருப்தியாக வீட்டுக்கு வருகிற ஊர்தானே நம்முடையது.

அடுத்தது கணக்குப் போடாமல் நம்புவது. பிரேசில் பக்கத்துப் பாம்புத் தீவில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு, ஐந்து பாம்பு என்பார்கள். அந்தத் தீவு 43 ஹெக்டேர், நம் கணக்கில் நூறு ஏக்கருக்குச் சற்று மேல். மீட்டருக்கு ஒன்று என்றாலே 4,30,000 பாம்புகள் ஆகிவிடும். அவ்வளவும் எதைத் தின்னும்? ஆய்வு செய்தவர்கள் சொல்வது சில ஆயிரம்தான். அது வேறெங்கும் இல்லாத ஒரு விரியன் இனம், அழியும் நிலையில் இருக்கிறது. பிடித்து விற்கத் திருடர்கள் வேறு அலைகிறார்கள். பிரேசில் கடற்படை போட்டிருக்கும் தடை நம்மைப் பாம்பிடமிருந்து காப்பதைப் போலவே, பாம்பை நம்மிடமிருந்தும் காக்கிறது.

சரி, அந்தமானுக்கு வருவோம். வெளியாரை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவு அங்கேதான் இருக்கிறது. அங்கே நான் ஆட்களை அழைத்துப் போகிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். "வடக்கு சென்டினலுக்கு ஒரு படகு பிடிக்க முடியாதா? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். காசு கொடுத்தால் நடக்கும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018 நவம்பரே சாட்சி. ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் மதம் பரப்ப அந்தத் தீவுக்குப் போனார். உள்ளூர் மீனவர்கள் சுமார் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரவில் கொண்டுபோய் விட்டதாகச் செய்தி. தீவுக்காரர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். கொண்டுபோய் விட்ட மீனவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். போனவரைப் பற்றித்தான் உலகமே பேசியது. படகு ஓட்டியவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் இந்தக் கதையைச் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் மத்திய அரசு 29 தீவுகளை வெளிநாட்டவருக்கான அனுமதிச் சீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தது. வடக்கு சென்டினலும் அதில் இருந்தது. உடனே 'தடை நீங்கிவிட்டது' என்று செய்தி பரவியது. ஒரு தடையை எடுத்தால் எல்லாம் எடுத்த மாதிரி என்று நினைப்பதும் ஒரு தவறுதான். பழங்குடியினரைக் காக்க 1956இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைல் வரை யாரும் நெருங்கக் கூடாது. ஒரு வாசலைத் திறந்ததை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இன்னொரு வாசல் பூட்டியிருப்பதை மறந்துவிட்டார்கள்.

'காட்டுமிராண்டிகள், அம்பு விடுவார்கள்' என்பது அடுத்த பேச்சு. ஏன் விடுகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. 1880இல் போர்ட்மேன் என்ற ஆங்கில அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துப் போனார். பெரியவர்கள் இருவரும் நோய் கண்டு செத்தார்கள். குழந்தைகளைக் கை நிறையப் பரிசோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகள் ஊருக்குள் என்ன நோயைக் கொண்டுபோயினவோ! நமக்குச் சாதாரணச் சளி, காய்ச்சல், அம்மை. அவர்கள் உடம்புக்கு அவையெல்லாம் புதிது. பக்கத்துத் தீவுகளில் சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர்கள் வெள்ளைக்காரன் வந்த பிறகு இப்படித்தான் தேய்ந்து, இன்று ஐம்பது பேர் அளவில் நிற்கிறார்கள். 1991இல் மானிடவியலாளர்கள் கொடுத்த தேங்காயை இதே சென்டினல் மக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து கையில் வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் பிறகு அரசே அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. வாங்கிக்கொண்டதை 'வீட்டுக்கு வா' என்று எடுத்துக்கொள்ள முடியாது, இல்லையா?

சென்டினலுக்கு நம் ஆட்கள் யாரும் போகப்போவதில்லை. ஆனால் பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் ஓடுகிறது, நிஜமான தவறுகள் நடப்பது அங்கேதான். குறித்த நேரத்தில் வண்டிகளைப் போலீஸ் துணையோடு வரிசையாக அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிஸ்கெட் வாழைப்பழம் நீட்டக் கூடாது. ஒரு தடவை எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், நல்ல மனுஷர், பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்து மடியில் தயாராக வைத்திருந்தார். "பாவம் தம்பி, பசியோட நிப்பாங்க." காடே அவர்களுக்குச் சாப்பாடு போடுகிறது ஐயா என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். கேலி செய்கிறவனை அதட்டிவிடலாம், அன்போடு தப்பு செய்கிறவரிடம் பேசுவதுதான் கஷ்டம்.

அப்புறம் பழைய பட்டியலை நம்புவது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறலாம் என்று இன்னும் எழுதுகிறார்கள். அது பூர்வகுடிகளுக்குப் புனித இடம் என்பதால் 2019 அக்டோபரோடு ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். போகவே முடியாது என்று நாம் நினைத்திருந்த ஸ்ரீஹரிகோட்டாவில் அதே 2019இல் ராக்கெட் பார்க்கத் திறந்த மாடம் கட்டினார்கள், முன்பதிவு செய்தால் போதும். கச்சத்தீவும் அப்படித்தான். அந்தோணியார் திருவிழா சமயத்தில் பெயர் பதிந்து ராமேஸ்வரத்திலிருந்து படகில் போய்வந்தவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. ஒரே இடம் வருடத்தில் இரண்டு நாள் திறந்திருக்கும், மீதி நாள் மூடியிருக்கும். பத்து வரிப் பட்டியலில் இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடியும்?

டிரோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் போக முடியாத இடத்துக்கு நம் டிரோன் போகலாம் என்று சட்டத்தில் இல்லை. 2021 டிரோன் விதிகளின்படி, பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது, 250 கிராமுக்குக் குறைவான குட்டி டிரோனாக இருந்தாலும்தான். எது எந்த மண்டலம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு டிரோனை வெளியே எடுங்கள்.

உள்ளூரில் நான் அதிகம் பார்ப்பது ஆரோவில் மாத்ரிமந்திர் தகராறு. கடலூரிலிருந்து ஒரு மணி நேரம் வெயிலில் வந்து இறங்கிவிட்டு, "தங்கக் கோளத்துக்குள்ள எங்களை மட்டும் விடமாட்டேங்கறாங்க" என்பார்கள். யாரையுமே நினைத்த நேரத்தில் விடுவதில்லை. தூரத்திலிருந்து பார்க்கும் இடம் வேறு, உள்ளறை வேறு. உள்ளே போக முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், போனை வெளியே கொடுத்துவிட வேண்டும், சத்தம் கூடாது. அது தியானத்துக்கான இடம். இதை நான் கிளம்பும்போதே சொல்லாமல் விட்டு, திரும்பும் வழியெல்லாம் திட்டு வாங்கியது உண்டு. அந்தத் தப்பு என்னுடையது.

அனுமதி வாங்கிப் போனவர்களும் கெடுத்துவிடுவார்கள். ஐஸ்லாந்து பக்கம் 1963இல் கடலுக்குள் எரிமலை வெடித்து சர்ட்ஸி என்ற புதுத் தீவு முளைத்தது. வெறும் பாறையில் உயிர் எப்படித் தானாக வருகிறது என்று பார்ப்பதற்காக, ஆய்வாளர்களைத் தவிர யாரையும் அங்கே விடுவதில்லை. அப்படிக் காத்த தீவில் ஒருநாள் தக்காளிச் செடி ஒன்று நின்றது. விசாரித்தால், ஆய்வுக்குப் போன ஒருவர் அவசரத்துக்கு அங்கேயே ஒதுங்கியிருக்கிறார். வயிற்றில் இருந்த தக்காளி விதை முளைத்துவிட்டது. வண்டியில் இதைச் சொன்னால் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். போன தடவை ஒரு சின்னப் பெண் மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "மாமா, அந்தத் தக்காளி பழுத்துச்சா?"

பழுக்க விடவில்லை பாப்பா, வேரோடு பிடுங்கிவிட்டார்கள்.