பைலேட்ஸ் பழகுவோம்: ஆறு கொள்கைகளுக்கும் ஒரே பயிற்சி

மூச்சு, கவனம், மையம், கட்டுப்பாடு, துல்லியம், தடையில்லாத ஓட்டம். பைலேட்ஸ் என்ற உடற்பயிற்சி முறையைக் கற்கப் போனால் முதல் நாளே இந்த ஆறையும் சொல்லிவிடுவார்கள். மனப்பாடம் செய்து பயனில்லை. உடம்புக்குப் புரிய வேண்டும். அதற்கு ‘ஹண்ட்ரட்’ என்ற ஒரு பயிற்சியே போதும் என்பது என் கருத்து.

இந்த முறையை உருவாக்கியவர், ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பைலேட்ஸ். சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். அதனால்தானோ என்னவோ, மூச்சுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. 1945-இல் வந்த அவருடைய புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. முதலாவது இந்த ஹண்ட்ரட்தான். ஆறு கொள்கைகள் என்ற பட்டியல் மட்டும் அவர் 1967-இல் மறைந்த பிறகு மற்றவர்கள் தொகுத்தது.

சரி, தொடங்கலாம். முதுகுவலி, கழுத்துவலி, எலும்புத் தேய்மானம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கட்டில் வேண்டாம், மெத்தை அமுங்கிவிடும். தரையில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் போதும்.

1. மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இரண்டு கைகளையும் விலா எலும்புகளின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா இரு பக்கமும் விரிந்து கையைத் தள்ள வேண்டும். வாயால் விடும்போது சுருங்க வேண்டும். வயிற்றை உப்பி மூச்சு விட்டுப் பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். பத்து முறை செய்யுங்கள். வேறெதையும் நினைக்காமல் கையடியில் நடப்பதையே கவனியுங்கள். கவனம் என்ற கொள்கை இதிலேயே வந்துவிடுகிறது.

2. மையம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். வயிற்றை இறுக்கு என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்புறம் விரல்களை வைத்து லேசாக இருமிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை இறுகும். இருமாமலே, மூச்சை விடும்போது அதே இடத்தை மெதுவாக உள்ளிழுங்கள். இறுக்கமான பேண்ட்டுக்கு ஜிப் போடும்போது அடிவயிற்றை இழுப்போமே, அந்த அளவு போதும். அப்புறம் அந்தப் பிடியை விடாமலே மூச்சை இழுத்து விடப் பழகுங்கள். இது வர இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. இது வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. ஹண்ட்ரட். ஒவ்வொரு காலாகத் தூக்கி, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி தரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்துங்கள். தலை தரையிலேயே இருக்கட்டும். கைகளை உடம்பை ஒட்டி நீட்டி, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, ஒரு சாணுக்குள் மேலும் கீழும் அசையுங்கள். மூச்சை இழுத்தபடி ஐந்து அசைவு, விட்டபடி ஐந்து. இது ஒரு சுற்று. பத்துச் சுற்று வந்தால் நூறு. முதல் வாரம் மூன்று சுற்று போதும்.

4. கட்டுப்பாடும் துல்லியமும். கை தோளிலிருந்து அசைய வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. வயிறும் இடுப்பும் ஆடக் கூடாது. இடுப்பு தரையை விட்டு வளைந்து எழும்பினால் பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணிக்கை எதுவானாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஒழுங்காகச் செய்த முப்பதை, இழுத்துப்பிடித்து முடித்த நூறை விட நான் மேலாக நினைக்கிறேன்.

5. ஓட்டம். மூச்சு மாறும் இடத்தில் கை நிற்கக் கூடாது. முடித்ததும் கால்களைத் தொப்பென்று போடாமல், மூச்சை விட்டபடி ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

தலை தரையில் இருந்தபடியே பத்துச் சுற்றும் சுலபமாக வந்த பிறகு தலையைத் தூக்கிச் செய்யலாம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழ இடைவெளி விட்டு, பார்வையைத் தொப்புள் பக்கம் வையுங்கள். கழுத்து வலித்தால் உடனே தலையை இறக்கிவிட்டு, கையை நிறுத்தாமல் தொடருங்கள்.