பிஸ்டல் பேரலில் காம்பன்சேட்டர் மாட்டுவது: சட்டத்தில் தொடங்கி ஸ்பிரிங் வரை

இங்கே டெக்சஸில் கிளாக் 19 வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது, பேரல் முனையில் காம்பன்சேட்டரை எப்படி மாட்டுவது என்பதுதான். வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்காகத் தட்டச்சு செய்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பிஸ்டலைக் கழற்றிப் பூட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மேகசினை எடுத்துவிட்டு, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது.

முதலில் சட்டம்

எச்1பி, எஃப்1 விசாக்காரர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்த விசாக்களில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டுதான். அதை வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

காம்பன்சேட்டர் என்பது குண்டுக்குப் பின்னால் வரும் வாயுவை மேல்பக்கத் துளைகள் வழியே வெளியேற்றி, குழல் முனை எகிறுவதைக் குறைக்கும் உலோகத் துண்டு. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் இது வராது, பதிவும் வேண்டாம். சத்தத்தைக் குறைக்கும் சப்ரசர் வேறு கதை. அதற்கு இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் பூஜ்யமாகிவிட்டது. ஆனால் விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 'சால்வென்ட் ட்ராப்' (துப்பாக்கி துடைக்கும் திரவத்தைப் பிடிக்கும் குழாய்) என்ற பெயரில் இணையத்தில் மலிவாக விற்கும் குழாய்களை வாங்கித் துளை போட்டால், பதிவில்லாத சப்ரசர் செய்த குற்றம் உங்கள் தலையில் விழும். பத்தாண்டு வரை சிறை.

மாநிலத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும், மேகசின் கழலும் செமி ஆட்டோ பிஸ்டலில் மரை வெட்டிய பேரல் இருந்தாலே அது தடை செய்யப்பட்ட 'அசால்ட் வெப்பன்' கணக்கில் போய்விடலாம். காம்பன்சேட்டரை வாங்கும் முன்பே, பேரல் கட்டத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

'பேரல் 16 அங்குலம் வேண்டும், காம்பன்சேட்டரை உலோக ஊசி வைத்து வெல்டு செய்ய வேண்டும்' என்று யாராவது சொன்னால் அது ரைஃபிள் சமாச்சாரம். பிஸ்டலுக்குக் குறைந்தபட்சப் பேரல் நீளம் கிடையாது.

மரை

அமெரிக்கச் சந்தையில் 9 எம்எம் பேரல்களில் பெரும்பாலும் 1/2x28 மரைதான்: அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஐரோப்பியப் பேரல்களில் எம்13.5x1 இடது மரை வரும், எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். .45க்கு .578x28. கையால் சுலபமாகச் சுற்றவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ரெஞ்சை எடுத்தால் மரை போச்சு.

மாட்டுவது

பேரலை முதலில் ஸ்லைடுக்குள் வைத்துவிட்டுத்தான் காம்பன்சேட்டரைச் சுற்ற வேண்டும். மாட்டிய பிறகு பேரல் ஸ்லைடின் முன்துளை வழியே பின்னால் வராது. அதாவது ஒவ்வொரு முறை நன்றாகத் துடைக்கும்போதும் காம்பன்சேட்டரைக் கழற்றியாக வேண்டும். அதனால் அடியில் செட் ஸ்க்ரூ வைத்து இறுக்கும் வகைதான் என் தேர்வு.

அதிக நேரம் இங்கேதான் போகும். கிளாக் பேரல், ஸ்லைடு பின்னால் போகும்போது சாயும். ஸ்லைடு திறந்த நிலையில் துளைகளை நேராக்கினால் மூடியதும் கோணலாகத் தெரியும். எனவே ஸ்லைடை முழுக்க மூடி, காம்பன்சேட்டரின் தட்டையான மேல்பரப்பை ஸ்லைடின் மேல்பரப்போடு ஒட்டிப் பாருங்கள். அதன் பின்முகத்துக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விடுங்கள். அதுகூட இல்லையென்றால் ஸ்லைடு முழுதாக மூடாது. பிறகு மெதுவாகக் கையால் இழுத்து விடுங்கள். எங்கேயும் உரசக் கூடாது.

திருப்தியானதும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மரையில் பசை தடவி அதே நிலையில் மறுபடி மாட்டுங்கள். நீல லாக்டைட் சூட்டில் இளகும்; வேகமாகச் சுட்டால் காம்பன்சேட்டர் கொதிக்கும். நான் ராக்செட் என்ற சூடு தாங்கும் பசைதான் போடுவேன். இரவு முழுக்கக் காய விட வேண்டும், கழற்ற வெந்நீரில் ஊற வைத்தால் போதும். மாதாமாதம் கழற்றுபவர்களுக்கு நீலமே சௌகரியம். சிவப்பு லாக்டைட் வேண்டவே வேண்டாம்.

ரேஞ்சில்

மேகசினில் ஒரே தோட்டா போட்டுத் தொடங்குங்கள், பிறகு இரண்டு. முதல் மேகசின் முடிந்ததும் காம்பன்சேட்டர் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்து கோணலானால் குண்டு அதிலேயே மோதும்.

பின்சேர்க்கை: 'மாட்டியதிலிருந்து சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே வராமல் நட்டுக்கொண்டு நிற்கிறது' என்று சிலர் கேட்டிருந்தார்கள். வாயு பேரலை முன்னும் கீழும் தள்ளுவதால் ஸ்லைடு மெதுவாகப் போகிறது. மலிவான 115 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவுக்கு அந்த வேகம் போதாது. 124 கிரெய்னில் வீரியமானதைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கை 15 அல்லது 13 பவுண்டுக்கு மாற்றுங்கள். ஜென் 4, ஜென் 5 (கிளாக்கின் நான்காம், ஐந்தாம் தலைமுறை) மாடல்களில் இரட்டை ஸ்பிரிங் என்பதால் வேறு கைடு ராடும் (ஸ்பிரிங் கோத்திருக்கும் கம்பி) அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டும். 13 பவுண்டுக்கும் கீழே இறங்காதீர்கள். அவ்வளவு மெலிதான ஸ்பிரிங் போட்டால், கிளாக்கில் ட்ரிகரை அழுத்தும்போதே ஸ்லைடு லேசாகப் பின்வாங்கிவிடும்.

இன்னொன்று: யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கி சுடும் போட்டிச் சங்கம்) போட்டிக்குப் போகிறவர்கள் இதை மாட்டியபடி கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் நிற்க முடியாது. ஓப்பன் பிரிவில்தான், பல ஆயிரம் டாலர் துப்பாக்கிக்காரர்களோடு.