வேலையோடு சிறுதொழில்: நேரம் எங்கே கிடைக்கும்?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் தொழில் தொடங்க நினைக்கிறீர்களா? காத்திருக்கக்கூடிய பொருளைத் தெரிவுசெய்யுங்கள். சமைத்த சாப்பாடு என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்தும் நேரத்தில்தான் அதையும் செய்ய வேண்டியிருக்கும். மிளகாய்த்தூள், சரக்குத்தூள் அப்படியல்ல. ஞாயிறிலும் போயா விடுமுறையிலும் செத்தல் மிளகாயை வெயிலில் போடலாம். வேலை முடிந்து வரும் வழியில் மில்லில் அரைக்கலாம். பிள்ளைகள் படுத்தபின் பைகளில் அடைக்கலாம். எந்தெந்த இரவுகள் தொழிலுக்கு என்று வீட்டாரோடு முதலே பேசி முடிவெடுங்கள், இது மிக முக்கியம்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரிமழை, அதன்பின் வயலுள்ள வீடுகளில் அறுவடை. சித்திரைக்குப் பிறகு தொடங்குவதே நல்லது. வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்கு வேலைநாளில்தான் போகலாம். அதற்கு அரைநாள் லீவை ஒதுக்கிவையுங்கள்.