வீதி வேலை நடக்கும் இடத்தில் பாதசாரிக் கடவைப் பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வீதி கிண்டாத மாதமே இல்லை. இன்று நீர்க்குழாய், அடுத்த வாரம் கழிவுநீர்க் குழாய், அப்புறம் கேபிள், கடைசியில் தார். வேலை தேவையானதுதான். ஆனால் அந்த இடத்தால் நடந்து போகிறவர் எப்படி மற்றப் பக்கம் போவார் என்பதைப் பெரும்பாலும் கிடங்கு வெட்டி முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். மிஞ்சிக் கிடக்கும் ஒரு கடவைப் பலகையைக் கொண்டுவந்து எங்காவது சாத்தி வைத்தால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணமும் இருக்கிறது. ஒப்பந்தகாரர்களும் சைட் மேற்பார்வையாளர்களும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்கள் தெருவில் நடக்கும் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க நினைக்கும் குடியிருப்பாளர்களுக்கும் இது உதவும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, பொய் சொல்லும் பலகையை அப்படியே விட்டுவைப்பது. வெள்ளவத்தையில் காலி வீதியின் ஒரு கடவையைத் தோண்டிவிட்டார்கள் என்று வையுங்கள். ஆட்கள் கடக்க 30 மீட்டர் தள்ளி வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் பழைய கடவையின் பலகை பழைய இடத்திலேயே நிற்கிறது, கோடுகளும் பாதி தெரிகின்றன. சந்தைப் பையோடு வரும் ஒரு அம்மா அந்தப் பலகையை நம்பித்தான் இறங்குவார். சாரதியோ நாலைந்து நாளாக அந்த இடத்தில் யாரும் கடக்காததைப் பார்த்துப் பழகியிருப்பார், கால் பிரேக்குக்குப் போகாது. அவர் உண்மையில் கவனிக்க வேண்டிய புதிய இடத்திலோ பலகையே இல்லை.

ஆகவே கடவையை மாற்றும் அதே மணித்தியாலத்தில் பழைய பலகையைக் கழற்ற வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். மூடுவதற்கு மெல்லிய பொலித்தீன் சரிவராது. இரவில் வாகன வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் படம் பளிச்சென்று தெரியும். தடித்த கறுப்புத் துணியோ சாக்கோ போட்டு, காற்றில் பறக்காதபடி கட்டுங்கள். வீதியில் மிஞ்சியிருக்கும் கோடுகளையும் அழிக்க வேண்டும். இரவு மட்டும் நடக்கும் வேலை என்றால், காலையில் வீதியைத் திறக்கும்போது தற்காலிகப் பலகைகளை எடுத்துவிட்டு, மூடியதைத் திறக்க வேண்டும். அதிகாலையில் எல்லாரும் களைத்துப்போய் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். அதனால் இந்த வேலையை ஒருவரின் பெயருக்கு ஒப்படைக்காவிட்டால் அது நடக்காது.

அடுத்தது தூரம். முன்னறிவிப்புப் பலகையைக் கடவைக்குப் பக்கத்திலேயே வைப்பது சைட்டுகளில் அடிக்கடி காணும் காட்சி. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறது. சாரதி பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று எடுத்தாலும் 21 மீட்டர் போய்விடும். மழையில் நனைந்த தாரில் வாகனம் நிற்க இன்னும் 25 மீட்டர் வேண்டும். ஆக, கடவைக்கு 10 மீட்டர் முன்னால் நிற்கும் பலகை சாரதிக்கு எச்சரிக்கை தருவதில்லை. அவர் நிற்க முடியாத இடத்தில்தான் அதைப் பார்க்கிறார். ஆகக் குறைந்தது 50 மீட்டருக்கு முன்னாலேயே ஒரு பலகை வேண்டும், கடவை தொடங்கும் இடத்தில் இன்னொன்று வேண்டும். வீதி வளைந்தால் இன்னும் பின்னே போங்கள். வைத்த பிறகு சாரதி வரும் திசையில் ஒருமுறை ஓட்டோவில் வந்து பாருங்கள். ஜம்பட்டா வீதி போன்ற நெருக்கமான இடங்களில், நிறுத்தியிருக்கும் ஒரு லொறி போதும், பலகையை மறைத்துவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு பெரிய ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகிறோம், பஸ்களும் இடப்பக்க நிரலைப் பிடித்துக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் மட்டும் பலகை வைத்தால், பஸ்ஸுக்கு வலப்பக்கம் வரும் கார் சாரதிக்கு அது தெரியவே தெரியாது. பஸ் சாரதி பலகையைப் பார்த்து நல்ல மனசோடு நிறுத்துகிறார். பாதசாரி பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி நடக்கிறார். பஸ் ஏன் நின்றது என்று தெரியாத மோட்டார் சைக்கிள் வலப்பக்கத்தால் முந்திக்கொண்டு வருகிறது. பாதசாரியும் மோட்டார் சைக்கிள்காரரும் ஒருவரையொருவர் காணும்போது நேரம் கடந்துவிடும். அந்த இடத்தில் பலகை மட்டும் காப்பாற்றாது. நடுவிலோ வலப்பக்கத்திலோ இரண்டாவது பலகை வையுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் கோன்களை வரிசையாக வைத்து, கடவைக்கு முன்னாலேயே ஒரு திசைக்கு ஒரு நிரலாகச் சுருக்குங்கள். முந்த இடமில்லை என்றால் இந்த விபத்து நடக்க வழியில்லை. தற்காலிகக் கடவையில் செலவிடும் காசில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

இதுவரை சொன்னது சாரதிக்கு. நடப்பவருக்கும் தகவல் வேண்டும், அதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். ‘நடைபாதை மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைக் கிடங்கின் வாயிலேயே வைத்தால் யாரும் திரும்பி 80 மீட்டர் நடக்கப் போவதில்லை. வீதியில் இறங்கி, பஸ்ஸோடு உரசிக்கொண்டு தாண்டிப் போவார்கள். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்தப் பலகை முந்தைய கடவையிலேயே நிற்க வேண்டும், இங்கே மாறிக்கொள்ளுங்கள் என்று அம்புக்குறியோடு. எழுத்து இருந்தால் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கொட்டாஞ்சேனையில் நிற்கும் பலகையில் கூடத் தமிழ் இல்லாமல் போவதை ஏற்க முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கடவையை எங்கே வைப்பது என்பதை வரைபடத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், ஆட்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கண் தெரியாதவருக்குச் சிவப்பு வெள்ளை நாடா ஒரு தடுப்பே அல்ல. அவருடைய வெள்ளைப் பிரம்பு அதன் கீழால் போய்விடும், பின்னாலேயே அவரும் கிடங்குக்குள் போவார். தரையை ஒட்டிய திடமான தடுப்பு வேண்டும். பலகையைத் தாங்கும் காலும் நடைபாதையின் நடுவில் வேண்டாம், சக்கர நாற்காலி போக வேண்டும்.

பலகை விழாமலிருக்க உடைந்த கொங்கிரீட் கட்டியைக் காலில் வைப்பார்கள். வாகனம் மோதினால் அந்தக் கட்டி பறந்து, நடைபாதையில் நிற்பவர் மேல் விழும். மணல் மூட்டை போதும்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். பிளெக்ஸில் அச்சடித்த படம் பகலில் அழகாக இருக்கும், இரவில் கறுத்துப்போகும். ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் ஒட்டிய பலகைதான் வேண்டும். சோதிப்பது சுலபம்: இருட்டிய பிறகு தூரத்தில் நின்று, கைத்தொலைபேசி டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பலகையில் அடியுங்கள். பளிச்சென்று தெரிந்தால் சரி. மங்கலாகத் தெரிந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். வீதி வேலையில் சேறும் சீமெந்துத் தூசும் ஒரே நாளில் படிந்துவிடும், மழை பெய்தால் இன்னும் மோசம். துடைத்தும் மங்கல் என்றால் மாற்ற வேண்டியதுதான். கடவை மேல் ஒரு விளக்கும் வேண்டும், ஏனென்றால் பலகை தெரிந்தாலும் கறுப்புச் சட்டை போட்ட ஆள் தெரியமாட்டார்.

பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் கொடியோ நிறுத்தப் பலகையோ பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். அவருக்குப் பிரதிபலிக்கும் மேலங்கி கொடுங்கள், வாகனத்தை நிறுத்துவது எப்படி என்று பழக்குங்கள். கிடங்கு வெட்டும் தொழிலாளியிடம் இடையில் கொடியைக் கொடுத்து, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்ததும் திரும்பக் கூப்பிடுவது அவருக்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து.

குடியிருப்பாளர்கள் முறையிடும்போது ‘பலகை சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வீதி, எந்தக் கடைக்கு முன்னால், இரவிலா பகலிலா என்று குறித்து, சாரதி வரும் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் நகரின் உள்வீதிகள் மாநகர சபையிடமும் இருக்கின்றன. ஆனால் குழாய் வேலை நீர் வழங்கல் சபையுடையதாகவும் இருக்கலாம், ஆகவே சைட்டில் இருக்கும் பெயர்ப்பலகையையும் சேர்த்துப் படமெடுங்கள்.