ரெண்டு நாள்ல பூசான்: மொதல்ல மேப்ப ரெண்டா மடிங்க

தென்கொரியாவுல சியோல்ல இருந்து வீக்கெண்டுக்கு கடலோர ஊரான பூசான் போயிட்டு வர்ற நம்மாளுங்க பாதிப்பேரு "மெட்ரோலயே உக்காந்து இருந்தோம்"னுதான் புலம்புவாங்க. தப்பு ஊர் மேல இல்ல, பிளான் மேல. இன்ஸ்டால சேவ் பண்ண எடத்த எல்லாம் சேவ் பண்ண வரிசையிலயே பாக்கப் போனா அப்படித்தான் ஆகும். பூசான் கடலோரமா நீட்டிப் படுத்திருக்குற ஊரு, நடுவுல நடுவுல மலை வேற. கலர் கலரா வீடு அடுக்கி வச்ச கம்சொன் ஒரு கோடி, ஹேயுண்டே பீச் இன்னொரு கோடி, ரெண்டுக்கும் நடுவுல மெட்ரோவுல ஒரு மணி நேரம் கிட்ட ஓடிரும். அதனால சனிக்கிழமை மேற்குப் பக்கம், ராத்திரி நடுவுல இருக்குற குவாங்கள்ளி பீச், ஞாயித்துக்கிழமை கிழக்குப் பக்கம், இத மட்டும் மாத்தாதீங்க.

டிக்கெட். கேடிஎக்ஸ்ங்குற அதிவேக ரயில்ல சியோல் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, சாதா சீட்டு 59,800 வோன். ஒரு மாசம் முன்னாடியே புக்கிங் தொறந்துரும், போறதுக்கு முன்னாடி திரும்பி வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்கால டிக்கெட்ட எடுத்துருங்க, அதுதான் மொதல்ல காலியாகும். நான் ஒரு தடவ "அங்க போயி பாத்துக்கலாம்"னு அசால்ட்டா போயி, நிக்கிற டிக்கெட்டு வாங்கி கதவு பக்கத்துல பேக் மேல உக்காந்துக்கிட்டு வந்தேன், திங்கக்கிழமை லேப்ல தூங்கி விழுந்தேன். காசு மிச்சம் பண்ணனும்னா முகுங்வாங்குற மெதுவான ரயில் இருக்கு, வெல பாதிக்கும் கம்மி, ஆனா அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், ரெண்டு நாள் டிரிப்புக்கு அது நட்டம்தான். பஸ்ஸுல போறவங்க ஒண்ணு கவனிங்க, எக்ஸ்பிரஸ் பஸ் எறக்கி விடுற நோபோ டெர்மினல் ஊரோட வடக்கு கோடியில இருக்கு, கடல் எங்கன்னு தேடுனா மெட்ரோ லைன் 1ல மறுபடி ஒரு பயணம். அப்புறம் சியோல் பஸ் மெட்ரோ பாஸான க்ளைமேட் கார்டு அங்க வேலை செய்யாது, காசு போட்டு தேய்க்கிற டி-மணி கார்டுல காசு போட்டுக்கிட்டு போங்க.

சனிக்கிழமை காலைல எறங்குனதும் பேக்க ஸ்டேஷன் லாக்கர்ல போட்டுட்டு அப்படியே லைன் 1 புடிங்க. நாலாவது ஸ்டாப் தோசொங், 6வது எக்ஸிட்ல வெளிய வந்தா ஆஸ்பத்திரி முன்னாடி கம்சொன் போற குட்டி பஸ் வரும். நடந்தே ஏறிரலாம்னு வீரம் காட்டாதீங்க, ஏத்தம் முழங்கால கேள்வி கேக்கும், எறங்கும்போது வேணா நடங்க. கொரியப் போர் சமயத்துல ஓடி வந்தவங்க தங்குன மலைச்சரிவு அது, முன்னாடி வீடு பின்னாடி வீட்டோட பார்வைய மறைக்காத மாதிரி படிப்படியா கட்டிருக்காங்க, ரொம்ப நாள் ஏழைங்க குடியிருப்பாவே கெடந்துச்சு. 2009ல ஆர்ட் புராஜெக்ட்டு ஒண்ணு வந்தப்புறம்தான் சுவரோவியம், சிற்பம்னு இப்ப நாம பாக்குற இந்த டூரிஸ்ட் ஊரு. குட்டி இளவரசன் சிலை பக்கத்துல உக்காந்து போட்டோ எடுக்க பெரிய க்யூ நிக்கும், நான் நிக்கமாட்டேன், சிலை மொதுகு காட்டித்தான் உக்காந்திருக்கு, அது பாக்குற காட்சிய நாலு அடி தள்ளி நின்னாலும் பாக்கலாம். மெயின் ரோட்ட விட்டுட்டு சந்துக்குள்ள எறங்குங்க, நீலமும் மஞ்சளும் பிங்க்குமா இருக்குற வீடெல்லாம் அப்பத்தான் கைக்கெட்டுற தூரத்துல வரும். ஆனா அங்க இன்னும் ஜனங்க குடியிருக்காங்க, துணி காயப்போட்ட மாடியில ட்ரைபாட் நிறுத்துறது, ஜன்னலுக்குள்ள கேமரா நீட்டுறது எல்லாம் வேணாம் ப்ளீஸ்.

மதியம் கீழ எறங்கி ஜகல்ச்சி மீன் மார்க்கெட். கீழ உயிரோட இருக்குற மீன காட்டி வெல பேசி வாங்குனா மேல மாடியில அறுத்து சமைச்சு குடுப்பாங்க, சமைக்கிறதுக்கு தனி காசு, அதையும் சேத்து மொத்தம் எவ்ளோன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. ஊரு ஸ்பெஷல் துவேஜி குக்பாப், அது பன்னிக்கறி சூப்பு சாதம். மில்ம்யோன் ஜில்லுனு நூடுல்ஸ்தானேன்னு சைவக்காரங்க ஏமாறாதீங்க, சூப்பு கறி எலும்புல காய்ச்சுனது. சைவம்னா பக்கத்துல தெருக்கடைங்க இருக்குற பிஃப் ஸ்கொயர்ல சியாத் ஹோத்தொக், உள்ள வெதையும் சக்கரையும் வச்ச பொரிச்ச அப்பம் மாதிரி, சூடா வாயில வச்சு நாக்கு வெந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல. கிம்பாப் (கடல்பாசில சுத்துன சோத்து ரோல்) கடைல "ஹாம் பே ஜுசேயோ"ன்னா ஹாம எடுத்துருவாங்க, "ஓமுக்"கும் சேத்து சொல்லுங்க, அது மீன் கேக்கு.

சாயங்காலம் லாக்கர்ல இருந்து பேக்க எடுத்துட்டு லைன் 1ல சோம்யோன் ஸ்டேஷன் போயி லைன் 2 மாறி குவாங்கள்ளி. எல்லாரும் ஹேயுண்டேல ரூம் போடுவாங்க, என்னைக் கேட்டா இங்கதான் போடணும், மணல்ல உக்காந்தாலே எதுக்க கடல் மேல பாலம் லைட்டு போட்டு நிக்கும், சனிக்கிழமை ராத்திரி ட்ரோன் ஷோவும் உண்டு, காத்து அதிகமா இருந்தா கேன்சல், நேரமும் சீசனுக்கு மாறும், அன்னைக்கே பாத்துக்கோங்க. அக்டோபர் நவம்பர் பக்கம் போறதா இருந்தா பட்டாசு திருவிழா தேதிய மொதல்ல பாருங்க, அந்த வாரம் ரூம் வெல கண்ண கட்டும்.

ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எந்திரிச்சு 181 பஸ்ஸுல ஹேதோங் யோங்குங்சா. 1376ல தொடங்குன கோயில், பாறை மேல அலை அடிக்கிற எடத்துலயே நிக்குது, நுழைவு கட்டணம் கெடையாது, ஒம்பது மணிக்கு மேல கூட்டம் நெரியும். திரும்பி வர்றப்ப சோங்சாபோல எறங்குனா ஸ்கை கேப்ஸ்யூல் ஏறி ஹேயுண்டே பக்கத்துல இருக்குற மிபோ வரலாம், கடலோரமா ஒசரத்துல தண்டவாளத்துல ஓடுற கலர் கலர் பெட்டி, ஆளுக்கு இல்ல பெட்டிக்குத்தான் காசு, தனியா போறவங்களுக்கு கட்டுப்படியாகாது, டிக்கெட்டும் முன்னாடியே ஆன்லைன்ல தீந்துரும். கெடைக்கலன்னா வருத்தப்படாதீங்க, கீழயே பழைய ரயில் பாதையோரம் நடைபாதை இருக்கு, அதே கடல், காசு இல்ல, நாப்பது நிமிஷத்துல நடந்துரலாம். அது முடியிற எடத்துல ஹேயுண்டே மணல் ஆரம்பிக்கும், குளிக்கணும்னா ஜூலை ஆகஸ்ட்ல மட்டும் நம்பி எறங்குங்க.

அங்க இருந்து பூசான் ஸ்டேஷனுக்கு மெட்ரோவே முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆறு மணி வண்டின்னா நாலரைக்கே கால்ல ஒட்டுன மணல தட்டிட்டு கெளம்பிருங்க.