வீட்டுப்பாடமும் வகுப்பு விதிகளும்: ஜூன் மாதத்திலேயே பழக்கிவிட வேண்டியவை

ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஜூன் மாதத்தின் முதல் பத்து வேலை நாட்கள் முக்கியமானவை. அந்த நாட்களில் பழக்காத எதையும் பிறகு ஆண்டு முழுக்கக் கத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். பெருக்கலை ஒரு முறை சொல்லிவிட்டு "தெரியும்ல?" என்று நாம் விட்டுவிடுவதில்லை. வரிசையில் நிற்பதும், கை தூக்கிப் பேசுவதும், டைரியில் வீட்டுப்பாடம் எழுதுவதும் அப்படித்தான். செய்து காட்டி, செய்யவைத்து, தவறினால் மறுபடி செய்யவைக்க வேண்டும்.

விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "ஒழுக்கமாக இருக்க வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கீழே உள்ளவை பெரும்பாலான வகுப்புகளுக்குப் போதும்:

மணி அடித்ததும் என் இடத்தில் உட்காருவேன்.
பேச வேண்டுமென்றால் கை தூக்குவேன்.
ஒருவர் பேசும்போது கேட்பேன்.
அடுத்தவர் பொருளைக் கேட்டுவிட்டு எடுப்பேன்.
கோபம் வந்தால் கை நீட்டாமல் டீச்சரிடம் சொல்வேன்.

"ஓடாதே, கத்தாதே, அடிக்காதே" என்று எழுதினால் என்ன செய்யக்கூடாது என்பது மட்டும்தான் தெரியும், என்ன செய்வது என்று தெரியாது. முதல் நாள் இரண்டு விதி, மூன்றாம் நாள் இன்னும் இரண்டு என்று கொண்டுவாருங்கள். ஐந்தையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நிற்காது.

அமைதிக்கு ஒரே ஒரு சைகை போதும். கையை உயர்த்தி ஐந்திலிருந்து ஒன்று வரை விரல்களை மடக்குங்கள். ஒன்று வருவதற்குள் பேச்சு நின்று, பென்சில் கீழே போய், கண் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். முதல் நாள் ஐந்து முறை, வேண்டுமென்றே பேசவிட்டு, இதைப் பழக்குங்கள். விளையாட்டாகவே வரும். சைகை காட்டிக்கொண்டே "சத்தம் போடாதீங்க" என்று நீங்களும் பேசினால் அது கெட்டுவிடும். பிள்ளைகள் அதற்குப் பிறகு உங்கள் குரலுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

கழிப்பறைக்குப் போக அனுமதி மறுக்கவே கூடாது. வாசலில் பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என இரண்டு அட்டை தொங்கட்டும். அட்டையை எடுத்துக்கொண்டு போய், வந்து மாட்ட வேண்டும். ஒரே பிள்ளை தினமும் நாலைந்து முறை போனால் எந்தப் பாடவேளையில் போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கணக்கு வேளையில் மட்டும் என்றால் சிக்கல் கணக்கில் இருக்கிறது. எல்லா வேளையிலும் என்றால் வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வகுப்பு லீடரை முன்னால் நிற்கவைத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். லீடரோடு சண்டை போட்டவன் பெயர் முதலில் வரும், லீடரின் தோழி பெயர் வரவே வராது. வகுப்புக்கே இது தெரியும், நமக்குத்தான் தெரியாது. அதற்குப் பதில் நோட்டு சேகரிப்பது, போர்டு துடைப்பது, தண்ணீர்க் குடத்தை மூடிவைப்பது என்று வேலைகளைப் பிரித்து வாரம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

விதி மீறினால்? முதலில் பேசாமல் பக்கத்தில் போய் நில்லுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும். அடுத்து, காதோடு விதியை நினைவுபடுத்துங்கள். பிறகு இடம் மாற்றுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் இடைவேளையில் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள். வீட்டுக்குச் சொல்வது அதற்கும் பிறகு. அடிப்பது, முட்டி போடச் சொல்வது, எல்லார் முன்னும் கேலி செய்வது எதற்கும் இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இம்போசிஷனும் வீண்வேலை. "இனி பேச மாட்டேன்" என்று நூறு முறை எழுதச் சொன்னால் பிள்ளை முதலில் "இனி"யை மேலிருந்து கீழ்வரை நூறு முறை எழுதிவிட்டு, அடுத்து "பேச"வைத் தொடங்கும். எழுதுவது என்பதே தண்டனை என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

வீட்டுப்பாடத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. முதலில் அளவு. 1, 2ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கிடையாது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பாக இதைச் சொன்னது, அதே ஆண்டு ஒன்றிய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. 2020இன் பள்ளிப் பை கொள்கை 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் உச்சம் என்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 24 நிமிடம். அதாவது ஒரு நாளைக்கு ஒரு பாடம். திங்கள் தமிழ், செவ்வாய் கணக்கு, புதன் ஆங்கிலம் என்று முறை வைத்துவிட்டால் பையின் கனமும் குறையும்.

பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் ஒவ்வொருவரும் "பதினைந்து நிமிட வேலைதானே" என்று கொடுப்பார்கள். நாலு பேர் கொடுத்தால் ஒரு மணி நேரம். போர்டின் ஒரு மூலையைக் கட்டம் கட்டி ஒதுக்குங்கள். யார் கொடுத்தாலும் பக்கத்தில் நிமிடத்தையும் எழுத வேண்டும். கூட்டுத்தொகை 25 ஆகிவிட்டால் அடுத்தவர் கொடுக்கக்கூடாது.

எத்தனை நிமிடம் ஆகும் என்பதை உங்கள் வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் கணக்கை வகுப்பிலேயே செய்யவிட்டு, நடுத்தர வேகமுள்ள ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதை வைத்து மீதியைக் கணக்கிடலாம். தொடக்கம் புரியாமல் வீட்டில் நோட்டைத் திறந்துவைத்து அழும் சிக்கலும் இதனால் குறையும்.

அன்று நடத்திய புதுப் பாடத்தை அன்றே கொடுக்க வேண்டாம். கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 403இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால், முறை பிடிபடாத பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 375 என்று எழுதும். விடை 225. பத்துக் கணக்கு கொடுத்தால் அந்தத் தவறையே பத்து முறை பழகிக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாள் வகுப்பில் செய்யவைத்த பிறகு ஐந்து கணக்கு கொடுங்கள்: மூன்று இந்த வாரத்தது, இரண்டு போன வாரத்தது.

தமிழுக்கு, பத்தியைப் பார்த்து எழுதி வரச் சொல்வதைவிட மலை–மழை, பல்லி–பள்ளி, அரம்–அறம் போன்ற இணைகளில் இரண்டைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். நாலே வாக்கியம். அதோடு பத்து நிமிடம் வீட்டில் யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். கேட்கிற பாட்டிக்கு எழுத்து தெரிய வேண்டிய அவசியமில்லை.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்திவிட்டு, மாலையில் எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுப்பது முரண். பக்கம் ஒன்றாக இருக்கட்டும். அரும்புக்கு ஐந்து சொல் வாசிப்பு, மொட்டுக்கு அந்தச் சொற்களில் இரண்டு வாக்கியம், மலருக்குச் சின்னப் பத்தி என்று மாற்றலாம். தெர்மோகோல் மாடல், சார்ட் வேலைகளை வீட்டுக்கு அனுப்பவே வேண்டாம். அதைச் செய்வது அப்பாவோ தெருமுனை ஸ்டேஷனரி கடையோதான்.

டைரியில் எழுத, கடைசி மணிக்குப் பத்து நிமிடம் முன்பே போர்டில் போடுங்கள். மணி அடித்தபின் எழுதினால் பாதிதான் வீடு போய்ச் சேரும். "கணக்கு – பயிற்சி செய்க" என்று எழுதாதீர்கள். "கணக்கு: பக்கம் 34, 1 முதல் 5 வரை, கட்டம் போட்ட நோட்டில், நாளை காலை" என்று பக்கம், எண், நோட்டு, நாள் நான்கும் இருக்கட்டும். இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போடுவது வீட்டுப்பாடமே ஆகாது. பல வீடுகளில் இருக்கும் ஒரே ஃபோன் வேலைக்குப் போன அப்பாவின் பையில் இருக்கும்.

காலையில் முப்பது நோட்டையும் வரி வரியாகத் திருத்த நேரமில்லை. வாசிக்காமல் டிக் போட்டால் அதைவிட மோசம், தவறான விடைக்கு நம் கையெழுத்தே சாட்சியாகிவிடும். வருகை எடுக்கும்போதே நோட்டைத் திறந்துவைக்கச் சொல்லி, ஒரு சுற்று நடந்து செய்தது, செய்யாதது மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விடையைப் போர்டில் போட்டு, பிள்ளைகள் வேறு நிறப் பென்சிலால் தாங்களே திருத்தட்டும். தினம் ஆறு நோட்டை மட்டும் நீங்கள் ஆழமாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பதும் முடிந்துவிடும்.

செய்யாமல் வந்தால் காரணத்தைப் பொறுத்து நடந்துகொள்ளுங்கள். மறந்தவன் காலை வழிபாட்டுக்கு முன் உட்கார்ந்து முடிக்கட்டும். பி.டி. பீரியடைப் பறிக்க வேண்டாம். புரியாதவனுக்கு மறுபடி சொல்லித்தர வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும், அம்மா இரவு ஷிஃப்ட் போகும் பிள்ளைக்கும் மாலை கடைசி இருபது நிமிடத்தைப் பள்ளியிலேயே ஒதுக்குங்கள்.

ஒரே வாரத்தில் மூன்று முறை ஆனால் டைரியில் எழுதுங்கள். "உங்கள் மகன் சரியாகப் படிப்பதில்லை" என்ற வரியால் வீட்டில் அடிதான் விழும். "இந்த வாரம் மூன்று நாள் கணக்கு செய்யவில்லை. கழித்தலில் தடுமாறுகிறான். ஒரு நாள் மாலை வந்து பேச முடியுமா?" என்று எழுதினால் பெற்றோர் வருவார்கள்.

வந்த பெற்றோரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். 25 நிமிடம் ஆனதும், முடியாவிட்டாலும், நோட்டை மூடிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். தவறை அழித்துச் சரியான விடையை எழுதவைக்க வேண்டாம், அந்தத் தவறைப் பார்த்தால்தான் நாளை என்ன நடத்துவது என்று நமக்குத் தெரியும்.

காலாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் எல்லாம் கொஞ்சம் கலைந்திருக்கும். அன்று வீட்டுப்பாடம் வேண்டாம். விரல் மடக்கும் சைகையையும் அட்டை மாட்டுவதையும் ஜூன் மாதத்தில் செய்தது போலவே மறுபடி இரண்டு முறை பழக்கிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.