தாய்ப்பால் தானம்: பீய்ச்சுவது முதல் வங்கியில் சேர்ப்பது வரை

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு ஆரம்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 அல்லது 2 மில்லிதான் பால் போகும். அதனால் தானம் செய்ய உங்களிடம் 30 மில்லிதான் இருந்தாலும் தயங்காமல் கொடுங்கள். பெற்ற தாய்க்குப் பால் போதாதபோது பவுடர் பாலுக்குப் போனால், இந்தக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி முற்றிக் குடல் அழுகும் ஆபத்து கூடுகிறது. தானப் பால் அதைக் குறைக்கிறது.

முதலில், தானப் பாலைச் சேகரித்துப் பரிசோதித்துக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி உள்ள மருத்துவமனையில் கேளுங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். வீட்டில் எடுத்த பாலை வாங்குவார்களா, அங்கேயே வந்து பீய்ச்ச வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கர்ப்பகால ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையில் வைத்திருங்கள். புகையிலை, மதுப் பழக்கம் இருந்தாலோ, மார்பில் தொற்று இருந்தாலோ கொடுக்கக் கூடாது.

உங்கள் குழந்தை வயிறாரக் குடித்து, எடையும் ஒழுங்காக ஏறுகிறது என்றால் மிஞ்சுவதுதான் தானம்.

பீய்ச்சும் முன் நகம் வெட்டி, மோதிரம், வளையல் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் கருவளையத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுத்தால் வலிக்கும், பாலும் வராது. ஓட்டம் குறைந்ததும் மறுபக்கம் மாறுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் ஆகும். பம்ப் என்றால் பால் படும் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, நன்றாக உலர்த்துங்கள்.

இந்தச் சுத்தம் குறைந்தால் கொடுத்த பால் வீணாகிவிடும். வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினாலும் சில கிருமிகளின் வித்துகள் சாவதில்லை. சூடாக்கிய பிறகும் பரிசோதனையில் கிருமி வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிடுவார்கள்.

எடுத்த பாலை வங்கி தரும் பாட்டிலில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி, உடனே குளிரவையுங்கள். உறைந்தால் பால் விரியும். கால்பங்கு இடம் விடுங்கள். உறைந்த பாலின் மேல் வெதுவெதுப்பான புதுப்பாலை ஊற்றினால் மேற்பகுதி உருகிவிடும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் பாலை உறையவைத்துக் காக்க வேண்டிய மைனஸ் 20 டிகிரி நிலைக்காது. அதோடு மின்தடையும் வரும். ஆகவே நாட்கணக்கில் சேர்க்காமல் சீக்கிரம் ஒப்படைப்பது நல்லது. உருகிய பாலை மறுபடி உறையவைக்காதீர்கள். கொண்டுபோகும்போது ஐஸ் பேக் வைத்த பெட்டியில், இடைவெளியைத் துண்டால் அடைத்துக் கொண்டுபோங்கள். சாதாரண ஐஸ்கட்டி உறைந்த பாலைவிடச் சூடானது, பாலை உருக்கிவிடும்.

பரிசோதிக்காத பாலை வாட்ஸ்அப் குழு வழியாக நேரடியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். விலைக்கும் விற்கக் கூடாது. தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது.

நிறுத்தும் காலம் வந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பால் கட்டிக்கொள்ளும். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு வேளை வீதம் பீய்ச்சுவதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.